அரண்மனை இடம்பெயர்ந்தது, லயத்து வீடு?

வீட்டை விற்கலாம், வாடகைக்கு விடலாம். ஆனால் வீட்டையே கழற்றி இன்னோர் ஊருக்குக் கொண்டுபோய் நிறுத்த முடியுமா?

முடியும். இங்கிலாந்தில் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த ஏக்ரோஃப்ட் மாளிகையை 1926இல் பிரித்தெடுத்து, கப்பலில் ஏற்றி, அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் மீண்டும் கட்டினார்கள். பின்னர் அது அருங்காட்சியகமாகி, மக்கள் சீட்டு வாங்கிப் பார்க்கும் இடமானது.

அமெரிக்கா வரை போகவேண்டாம். பிரிக்பீல்ட்ஸ் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள தேசிய அரும்பொருளகத்தின் வளாகத்தில் இருப்பது 'இஸ்தானா சத்து'. 1884இல் திரெங்கானுவில் கட்டப்பட்ட மர அரண்மனை, கிழக்குக் கரையிலிருந்து தலைநகருக்கு வந்து சேர்ந்தது.

இன்னொன்று, ஜாலான் ஸ்டோனரில் உள்ள பெங்ஹுலு அபு செமான் வீடு. கெடாவின் பண்டார் பாருவுக்கு அருகே சுங்கை கெச்சிலில், 1910 தொடங்கிப் பல கட்டங்களாக எழுந்த வீடு அது. பிற்காலத்தில் கவனிப்பாரின்றிச் சிதைந்துகொண்டிருந்தது. 1983இல் தோன்றிய பாடான் வாரிசான் மலேசியா என்ற மரபுடைமை அமைப்பு 1990களின் நடுவில் அதைப் பிரித்துக் கொண்டுவந்து, செப்பனிட்டு, மக்கள் பார்வைக்குத் திறந்துவிட்டது.

இது எப்படிச் சாத்தியமானது? பழைய மலாய் வீட்டில் மரத்தோடு மரம் கோத்து, ஆப்பு அடித்து இறுக்கியிருப்பார்கள். ஆப்பைத் தட்டினால் தூணும் உத்திரமும் தனித்தனியே கழன்றுவிடும். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுக்கொண்டால், மறுபடி பூட்டிவிடலாம்.

இடம் மாறிய வீடு முழு வீடாகுமா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வீட்டோடு ஆறும் வயலும் அண்டை அயலாரும் வருவதில்லை. ஆகவே, இருந்த இடத்திலேயே காப்பதுதான் முதல் வழி. பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா ஆசிரமத்தை எண்ணிப் பாருங்கள். 1904ஆம் ஆண்டின் அந்தக் கட்டடத்தைச் சுற்றி 2014இல் மேம்பாட்டுத் திட்டம் வந்தபோது மக்கள் குரல் கொடுத்தார்கள். 2016இல் அது மரபுடைமையாக அரசிதழில் ஏறியது. அந்த வழி அடைபட்டால்தான், இடம் மாற்றுவது.

தமிழ்நாட்டில் சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா நல்ல பாடம். இடிபடவிருந்த தென்னிந்திய வீடுகளை வாங்கிப் பிரித்து, அங்கே மீண்டும் கட்டினார்கள். செட்டிநாட்டு வணிகர் வீட்டோடு, நெசவாளர் வீட்டுக்கும் குயவர் வீட்டுக்கும் இடம் கொடுத்தார்கள். கைவினைஞர்கள் அங்கே தொழில் செய்து காட்டினார்கள். செல்வந்தர் வீடு மட்டுமே வரலாறு என்று அவர்கள் நினைக்கவில்லை.

இங்கேதான் நம் கேள்வி எழுகிறது. அரண்மனை வந்தது. தலைவர் வீடு வந்தது. லயத்து வீடு?

1990களில் புத்ராஜெயா எழுந்த மண் பிராங் பெசார் முதலான தோட்டங்களின் மண். அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்கள் டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் போயின. கிள்ளான் பள்ளத்தாக்கு நெடுக எத்தனையோ தோட்டங்கள் இப்படித்தான் வீடமைப்புப் பகுதிகளாயின.

பழைய லயங்களில் பலவும் பலகைச் சுவரும் தகரக் கூரையும் கொண்டவை. மலாய் வீட்டைப் போல அவற்றையும் பிரிக்கலாம், பூட்டலாம். ஒரே ஒரு லயத்து வரிசையாவது, பிரட்டுக்களத்தோடும் பொதுக் குழாயடியோடும் மக்கள் பார்க்கும் இடமாக எழுந்தால், பேரப்பிள்ளைகள் அதற்குள் நடந்து பார்ப்பார்கள்.

ஆனால் பலகை மட்டும் போதாது. யார் வீடு, எந்த டிவிஷன், எத்தனை பேர் படுத்த அறை என்று சொல்ல ஆள் வேண்டும். லயத்தில் பிறந்தவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. மரம் சீவிய கத்தி, பழைய படம், சம்பளச் சீட்டு எதுவானாலும் எறியாதீர்கள். வீட்டுப் பெரியவரிடம் கேட்டு, லயத்தின் அமைப்பை ஒரு தாளில் வரைந்து வையுங்கள். நாளை யாராவது அந்த வீட்டை எழுப்ப முன்வந்தால், முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.