நேயர் என்னும் சொல்



நேயர் என்றால் அன்புடையவர். துவாஸ் தொழிலாளர் விடுதியில், இரவில் கைப்பேசி வழியே தமிழ்ப் பாட்டுக் கேட்பவரும் நேயரே. சிறிய இணைய வானொலிக்கோ அவர் செலவாகவும் ஆகக்கூடும். அமெரிக்க நடைமுறை இதற்குச் சான்று. அங்கே இணைய வானொலியின் இசை உரிமைக் கட்டணம், ஒவ்வொரு பாடலையும் எத்தனை பேர் கேட்டனர் என்று எண்ணிக் கணக்கிடப்படுகிறது. சிறு நிலையங்கள் வருவாய்க்கேற்பச் செலுத்தும் சலுகை 2015 இறுதியில் முடிந்தது. அத்தகைய நிலையங்கள் பலவற்றைத் தாங்கிய லைவ்365 அடுத்த மாதமே மூடப்பட்டது.

பாட்டைப் படைத்தவர்க்கு ஊதியம் வேண்டும். சிங்கப்பூரில் 1987இல் தோன்றிய காம்பஸ் அமைப்பு அதற்காகவே உழைக்கிறது. எனினும், சிறு நிலையத்திடம் அதன் வருவாயை அளந்து கட்டணம் கேட்பதே முறை. இன்றேல், நேயர் என்னும் சொல்லுக்கு இழப்பு என்ற பொருளும் சேர்ந்துவிடும்.