மண்ணுள் உறங்கும் மாளிகை

கி.பி. 1420இல் நிறைவுற்ற பெய்சிங் அரண்மனை பெரிதும் மரத்தாலானது. தீக்கு இரையான மண்டபங்களைப் பின்வந்தோர் மீண்டும் எழுப்பினர். அதனால் இன்றும் நிற்கிறது.

சோழர் அரண்மனை எங்கே? கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்த மாளிகைமேட்டில், மண்ணுள் உறங்குகிறது. முதலாம் இராசேந்திரன் இறைவனுக்குக் கல்லால் கோயில் எடுத்தான். தான் வாழ்ந்ததோ செங்கல்லும் மரமும் கொண்ட மாளிகையில். கோயில் நின்றது, மாளிகை வீழ்ந்தது. அதனை மீண்டும் எழுப்புவார் இல்லை.

1980களில் தொடங்கிய அகழாய்வுகள் செங்கற்சுவர்களையும், மரத்தூண் தாங்கிய கற்பீடங்களையும், கூரை ஓடுகளையும், இரும்பாணிகளையும் காட்டின. சீனப் பீங்கான் சில்லுகளும் கிடைத்தன. சோழர் தூதர் 1015இல் சீனப் பேரரசின் அவை புகுந்த வரலாற்றுக்கு அவை துணைநிற்கின்றன.

கவிஞர்களே! காணாத பொன்மாடங்களைப் பாடற்க. அம்மேட்டைக் கண்டு பாடுக. இறைவனுக்குக் கல், தனக்குச் செங்கல் என்ற அளவே அவ்வேந்தனின் பெருமை.