கைப்பேசியும் காலடித் தடமும்

(சங்கத்தின் வெள்ளிவிழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இச்சங்கம் ஓர் ஓலைக் கொட்டகையில் இரவுப் பாடசாலையாகத் தொடங்கப்பெற்றபோது நம் தெருவில் ஒரு தொலைபேசியும் இல்லை. அவசரச் செய்தி எதுவாயினும் ஊர்த்தெருவில் இருந்த கடைக்கு வரும். கடைக்காரர் மனம் வைத்தால் அது நம்மை வந்தடையும். இல்லையேல் இழவுச் செய்திகூட மறுநாள்தான் வரும். அந்த நிலையை இங்குள்ள பெரியோர் மறந்திருக்க மாட்டார்கள்.

இன்றோ, கைப்பேசி இல்லாத வீடு நம்மிடையே இல்லை. அதனினும் வியப்பு, அக்கருவியைச் செய்வோரே நம் பிள்ளைகளாக இருப்பது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் கார் உற்பத்தியைத் தொடங்கிற்று. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியாவின் கைப்பேசி ஆலை வந்தது; ஆயிரக்கணக்கான இளம்பெண்களுக்கு முதற் சம்பளத்தைக் கொடுத்தது; 2014-இல் மூடப்பட்டு அவர்களை வீட்டுக்கு அனுப்பிற்று. இன்று அதே வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஆப்பிளின் ஐபோன் உருவாகிறது. ஒரகடம் பக்கம் கார், மோட்டார் சைக்கிள், டயர் என்று ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. உலகம் கையில் ஏந்தும் கருவியை நம் மகளிர் கை பூட்டி அனுப்புகிறது என்பதில் நாம் பெருமை கொள்ளலாம். ஆனால் அக்கருவி நம்மைப் பற்றி யாருக்கு என்ன சொல்லி அனுப்புகிறது என்பதை நாம் அறிந்திருக்கிறோமா? இன்றைய பேச்சின் பொருள் அதுவேயாகும்.

முதலில் நம் மாணவர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்லிவிடுவோம். ஒரகடத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை பார்ப்பவர் அவர். மாலை வகுப்பில் படித்துத் தேறியவர். எந்த ஒப்பந்தக்காரரிடம் என்பது இங்கே தேவையில்லை. வருகைப் பதிவுக்கென்று அவருடைய சொந்தக் கைப்பேசியில் ஒரு செயலியை ஏற்றச் சொன்னார்கள். அது கேட்ட அனுமதி அனைத்துக்கும் 'சரி' என்று அழுத்தினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடுமுறை நாளில், தொழிலாளர் கூட்டம் ஒன்றுக்காகக் காஞ்சிபுரம் சென்று வந்தார். திங்கட்கிழமை காலை மேற்பார்வையாளர் கேட்ட முதற் கேள்வி, "நேற்றுக் காஞ்சிபுரத்தில் உனக்கு என்ன வேலை?" என்பது.

உடன் வந்த நண்பன்தான் சொல்லியிருப்பான் என்று முடிவு கட்டினார் அவர். மூன்று மாதம் அந்த நண்பனோடு பேச்சில்லை. பிறகு நம் வகுப்பறையில் ஒருநாள் அவருடைய கைப்பேசியை வாங்கிப் பார்த்தபோதுதான் உண்மை விளங்கிற்று. வேலை நேரத்துக்கு மட்டுமன்றி, 'எப்போதும்' இருப்பிடத்தை அறியும் அனுமதி அந்தச் செயலிக்குத் தரப்பட்டிருந்தது. காட்டிக்கொடுத்தவன் அவருடைய சட்டைப்பையிலேயே இருந்தான். அந்த நண்பனிடம் அவர் மன்னிப்புக் கேட்டார். ஆயினும் அந்த மூன்று மாதம் போனது போனதுதான். இத்தகைய கண்காணிப்பின் முதற்கேடு எது என்று கேட்டால், நம்மவரை நம்மவர் ஐயுறச் செய்வதே என்று சொல்லுவோம்.

இது எவ்வாறு நிகழ்கிறது? வானத்திலுள்ள செயற்கைக்கோள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். அது பிழை. ஜிபிஎஸ் செயற்கைக்கோளுக்கு நாம் இருப்பதே தெரியாது. கோயில் மணி நேரத்தை அறிவிப்பதுபோல் அது தன் நேரத்தையும் தான் நிற்குமிடத்தையும் ஓயாது ஒலிபரப்புகிறது, அவ்வளவே. குறைந்தது நான்கு கோள்களின் குறிப்பைக் கேட்டுத் தான் இருக்குமிடத்தைக் கணக்கிட்டுக் கொள்வது நம் கைப்பேசி. கணக்கு நம் கைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அந்த விடையை எடுத்து வெளியே அனுப்புவது செயலி. ஜிபிஎஸ்ஸை அணைத்தாலும், அருகிலுள்ள அலைபேசிக் கோபுரங்களையும் வைஃபை கருவிகளையும் கொண்டு ஏறத்தாழ நாம் எங்கே இருக்கிறோம் என்று அறிய முடியும். ஆகவே குற்றம் வானத்தில் இல்லை. இணைப்பின் மறுமுனையில் ஏடு வைத்திருப்போரிடம் இருக்கிறது.

அந்த ஏட்டில் நம் பெயர் இராது, வெறும் எண்தான் இருக்கும் என்று நிறுவனங்கள் ஆறுதல் கூறும். 2013-இல் வெளியான ஓர் ஆய்வு அந்த ஆறுதலைக் கலைத்துவிட்டது. ஐரோப்பிய நாடொன்றில் 15 இலட்சம் பேரின் பதினைந்து மாதக் கைப்பேசித் தடங்களை அறிஞர் சிலர் ஆராய்ந்தனர். எந்த நேரத்தில் எந்த இடம் என்ற நான்கே குறிப்புகள் கிடைத்தால் போதும், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரைத் தனித்துக் காட்டிவிடலாம் என்று கண்டனர். நம் நிலையில் வைத்து எண்ணிப் பாருங்கள். இரவில் உறங்கும் தெரு ஒன்று. பகலில் நிற்கும் ஆலை ஒன்று. இந்நாட்டில் உறங்கும் தெருவைச் சொன்னால் சாதியையும் சொன்னதாகிவிடும் அன்றோ? வேறு நாட்டாருக்கு இல்லாத ஆபத்து இது.

பெரிய நிறுவனங்களின் சொல்லை எவ்வளவு நம்பலாம் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. 'இருப்பிட வரலாறு' என்ற அமைப்பை அணைத்த பிறகும், வேறொரு அமைப்பின் வழியாகக் கூகுள் பயனரின் இருப்பிடத்தைச் சேமித்து வந்தது என்பதை 2018 ஆகஸ்டில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வெளிப்படுத்திற்று. அதன்மேல் எழுந்த விசாரணையை முடித்துக்கொள்ள 2022 நவம்பரில் அமெரிக்காவின் 40 மாநிலங்களுக்கு 39 கோடியே 15 இலட்சம் டாலர் கொடுக்க அந்நிறுவனம் உடன்பட்டது. அது பழைய முறை, மாற்றிவிட்டோம் என்று சொன்னது. மாற்றியிருக்கலாம். ஆனால் கேட்பதற்கு ஓர் அரசு இருந்ததால்தான் அந்தப் பதிலாவது கிடைத்தது என்பதை மறக்கலாகாது.

தோழர்களே, 'எங்கே போனால் என்ன, நம்மிடம் மறைக்க என்ன இருக்கிறது?' என்று இளைஞர் சிலர் கேட்கின்றனர். நம் வரலாறு அறிந்தவர் இக்கேள்வியைக் கேட்க மாட்டார்.

நாம் எந்தத் தெருவில் நடக்கலாம், எதில் நடக்கலாகாது என்பதை இன்னொருவர் தீர்மானித்த காலம் தொலைவில் இல்லை. பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்திற் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் கட்டடம் எதிலும் நம் மக்கள் தடையின்றிச் செல்லலாம் என்று 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்ற வேண்டியிருந்தது. நடப்பதற்கே ஒரு தீர்மானம்! பின்னர் அண்ணல் அம்பேத்கர் வரைவுக்குழுத் தலைவராயிருந்து உருவாக்கிய அரசியலமைப்பு, சாலையையும் குளத்தையும் கிணற்றையும் 15-ஆம் பிரிவிலேயே எழுதி வைத்தது. குற்றப்பரம்பரைச் சட்டத்தையும் இங்கே நினைக்க வேண்டும். 1911 முதல் சென்னை மாகாணத்தில் நடைமுறைக்கு வந்த அச்சட்டம் ஏழை எளிய சமூகங்கள் பலவற்றின் கைரேகையை எடுத்து, இரவில் ஆள் இருக்கிறாரா என்று கணக்கெடுத்து, ஊர் விட்டு ஊர் செல்லச் சீட்டு வாங்க வைத்தது. அது நீங்க 1947 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நடையைத் தடுப்பது ஒரு கொடுமை. நடையைக் குறித்து வைத்து அச்சுறுத்துவது மற்றொன்று. இரண்டையும் கண்டவர்கள் இம்மண்ணில் வாழ்ந்திருக்கிறார்கள்.

நீதிமன்றமும் இதை உணர ஐம்பதாண்டுக்கு மேல் ஆயிற்று. உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவர் ஒரு கொள்ளை வழக்கில் சான்றில்லாமல் விடுவிக்கப்பட்டார். எனினும் காவல்துறை அவரை விடவில்லை. பின்தொடர்ந்தது, நள்ளிரவில் கதவைத் தட்டிற்று. 1962-இல் உச்ச நீதிமன்றம் இரவுத் தட்டலை மட்டும் தடை செய்துவிட்டு, பின்தொடர்வதில் உரிமை மீறல் இல்லை என்றது. முன்னர்ச் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த சுப்பாராவ் அவர்கள் அதற்கு உடன்படவில்லை. கண்காணிப்பின் நிழலில் நடப்பவனைச் சுதந்திரமாக நடப்பவன் என்று எவ்வாறு சொல்வது என்பது அவருடைய வாதத்தின் சாரம். அவருடைய கருத்தே இறுதியில் வென்றது. 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தனர்.

நம் பொருளுக்கு இன்னும் நெருங்கிய தீர்ப்பு ஒன்று 2024 ஜூலை 8 அன்று வந்தது. போதைப்பொருள் வழக்கொன்றில் ஃபிராங்க் வைட்டஸ் என்னும் நைஜீரியருக்குப் பிணை வழங்கிய தில்லி உயர்நீதிமன்றம், கூகுள் வரைபடத்தில் தம் இருப்பிடத்தை விசாரணை அதிகாரிக்குத் தெரியும்படி வைக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்திருந்தது. பிணையில் இருப்பவரின் ஒவ்வோர் அசைவையும் அறிந்துகொண்டிருப்பது அவருடைய அந்தரங்க உரிமைக்கு மாறானது என்று கூறி உச்ச நீதிமன்றம் அதை நீக்கிற்று. குற்றம் சாட்டப்பட்டவருக்கே இவ்வுரிமை உண்டெனில், எட்டு மணி நேரம் உழைத்துவிட்டு வீடு திரும்பும் தொழிலாளிக்கு இல்லாமற் போகுமா?

இல்லாமற் போகிறது என்பதே நடைமுறை. சண்டிகர், பஞ்ச்குலா, நாக்பூர் முதலிய நகரங்களில் 2020-ஐ ஒட்டிய ஆண்டுகளில் துப்புரவுத் தொழிலாளரின் கையில் ஜிபிஎஸ் கடிகாரம் கட்டப்பட்டது. அவருள் பெரும்பாலோர் நம் மக்களே என்று சொல்லவும் வேண்டுமோ! குறித்த எல்லையை விட்டு அகன்றால் ஊதியப் பிடித்தம். கடிகாரம் பேச்சைக் கேட்கிறதோ, படம் பிடிக்கிறதோ என்று அஞ்சிய பெண்கள் அதனோடு கழிவறைக்குச் செல்லவும் கூசினர். சண்டிகரில் தொழிலாளர் எதிர்த்துப் போராடினர். அதே நகரங்களின் அதிகாரிகள் யாருடைய கையிலும் அத்தகைய கடிகாரம் கட்டியதாக நாம் கேள்விப்படவில்லை.

அதே 2020-இல் கொரோனாக் காலத்தில் 'ஆரோக்கிய சேது' செயலி வந்தது. மே 1-ஆம் நாள் ஆணையில் அரசு, தனியார் ஊழியர் அனைவருக்கும் அது கட்டாயம் என்று உள்துறை அமைச்சகம் அறிவித்தது. எதிர்ப்பு எழவே, இரண்டே வாரத்தில் 'இயன்றவரை' என்று சொல் மாறிற்று. நோயைத் தடுக்க அது வேண்டியதே என்பார் உண்டு. அவர் நோக்கத்தை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் கேட்டால் மாறும், கேட்காவிட்டால் நிலைக்கும் என்பதை அந்த இரண்டு வாரம் காட்டிற்று.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2023-இல் எண்முறைத் தனிநபர்த் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 2025 நவம்பரில் அதன் விதிகள் வந்தன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்தே நடைமுறைக்கு வருமென வகுக்கப்பட்டுள்ளது. தவறு செய்யும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டமும் உண்டு. ஆனால் அச்சட்டத்தின் 7-ஆம் பிரிவை நம் இளைஞர் ஊன்றிப் படிக்க வேண்டும். வேலையின் பொருட்டும், முதலாளியை நட்டத்திலிருந்து காக்கும் பொருட்டும் எனில், தொழிலாளியின் ஒப்புதல் இல்லாமலே அவருடைய தகவலைக் கையாள அது வழிவிடுகிறது. பொதுமக்களுக்குக் கதவைப் பூட்டிவிட்டு, தொழிலாளி வீட்டுப் பின்கதவைத் திறந்து வைத்தது போன்றது இது. ஞாயிற்றுக்கிழமைக் காஞ்சிபுரப் பயணம் 'வேலையின் பொருட்டு' ஆகுமா என்று கேட்டு வழக்காட நம்மில் வழக்கறிஞர் வேண்டும். சட்டக் கல்லூரிக்குச் செல்லும் மாணவர் இதைக் குறித்துக்கொள்க.

கடன் செயலிகளைப் பற்றி நீட்டிச் சொல்ல நேரமில்லை. தொடர்பு எண்களைத் தொடக்கூடாது, இருப்பிடத்தை முதலில் ஒருமுறை மட்டும், அதுவும் ஒப்புதலோடு மட்டும் அறியலாம் என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதி செய்துள்ளது. அதை மீறிக் கேட்கும் செயலியில் கடன் வாங்காதீர்கள்.

தாய்மார்கள் முகத்தில் ஒரு கேள்வி தெரிகிறது. இரவு ஷிப்டு முடிந்து வரும் மகள் எங்கே வருகிறாள் என்று தெரிவது நல்லதுதானே? நல்லதுதான். மகளே விரும்பித் தாய்க்குக் காட்டுவதும், மகள் அறியாமல் ஒரு நிறுவனம் எடுத்து வைப்பதும் ஒன்றாகா. தாயே ஆனாலும் மகளைக் கேட்டுச் செய்வதே முறை என்பது நம் கருத்து. சாதி மீறித் திருமணம் செய்த இணையரைத் தேடி அலையும் கூட்டமுள்ள நாட்டில், ஓர் இளம்பெண் எங்கே இருக்கிறாள் என்ற செய்தி எவர் கைக்குப் போகும் என்று முன்னரே சொல்ல இயலாது.

2021 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்களின் விடுதியொன்றில் உணவு நஞ்சாகி, நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியர் எங்கே இருக்கிறார்கள், உயிரோடு இருக்கிறார்களா என்று எவரும் தெளிவாகச் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான பெண்கள் இரவில் பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். இருப்பிடம் காட்டும் கருவியைச் செய்யும் கைகளுக்குத் தம் தோழி இருக்குமிடம் சாலையில் அமர்ந்து கேட்டாலன்றித் தெரியவில்லை. நம் இருப்பிடம் மேலே செல்கிறது. நமக்கு வேண்டிய இருப்பிடம் கீழே வருவதில்லை.

இனி, கையோடு செய்யக்கூடிய காரியம். கைப்பேசியின் அமைப்புகளில் 'இருப்பிடம்' என்ற பகுதி உண்டு. எந்தெந்தச் செயலி நம் இருப்பிடத்தைக் கேட்கிறது என்ற பட்டியல் அங்கே இருக்கும். 'எப்போதும்' என்று இருப்பதை 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று மாற்றலாம். அண்மைக்கால ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் துல்லியமான இடத்துக்குப் பதிலாக ஏறத்தாழ இடத்தை மட்டும் காட்டவும் வழி உண்டு. வேலைக்கெனக் கட்டாயப்படுத்தும் செயலியாயின், ஷிப்டு முடிந்ததும் அதன் அனுமதியை நீக்கலாமா என்று ஒருவராகக் கேட்காதீர்கள். பத்துப் பேராகச் சேர்ந்து எழுத்தில் கேளுங்கள்.

வரும் ஞாயிறு முதல், மாலை வகுப்பு முடிந்தபின் ஒரு மணி நேரம் நம் நூலக அறையில் மாணவியர் இருவர் அமர்ந்திருப்பார்கள். கைப்பேசியைக் கொண்டு வாருங்கள். படிக்கத் தெரியாத பெரியோரும் தயங்காமல் வரலாம். திரையில் எழுதியிருப்பதை வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டு, உங்கள் விரலாலேயே மாற்ற வைப்பார்கள். முன்பு சொன்ன அந்த இளைஞரும் அவருடைய நண்பரும் அன்று நாற்காலி போடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.