கொழும்பில் ஒரு பகல்

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ கொழும்புக்கு வருபவர், வந்த அலுவல் முடிந்ததும் புறக்கோட்டையிலே புடைவை வாங்குகின்றார். காலிமுகத்திடலிலே காற்று வாங்குகின்றார். இரவு வண்டியில் ஊர் திரும்பிவிடுகின்றார். ஊரார் வினவினால், கொழும்பு பார்த்தாயிற்று என்பார். அவர் பார்த்தவை கடையும் கடலுந்தாம்.

இன்னுமொரு பகற்பொழுது அவருக்குக் கிடைக்குமாயின், அதனைச் செட்டியார் தெருவிலே தொடங்குதல் நன்று. நகைக் கடைகளுக்கு நடுவே பழைய கதிரேசன், புதிய கதிரேசன் எனக் கோவில்கள் இருக்கின்றன. ஆடிவேல் விழாவின் தேர் புறப்படுவது இத்தெருவிலிருந்துதான். அங்கிருந்து கொச்சிக்கடைக்கு நடந்தே செல்லலாம். வண்டியிற் செல்வோர்க்கு அவ்வீதிகளின் நெருக்கடியன்றி வேறெதுவும் தெரியாது.

கொச்சிக்கடையில், தந்தையார் கட்டுவித்த பொன்னம்பலவாணேசர் கோவிலைச் சேர் பொன். இராமநாதன் கருங்கல்லால் திருப்பணி செய்வித்தார். உள்ளே புகுந்ததும் துறைமுகத்து இரைச்சலும் வெயிலும் பின்னே நின்றுவிடும். அயலிலேயே புனித அந்தோனியார் ஆலயம் உள்ளது. செவ்வாய்க்கிழமைகளிலே சைவரும் பௌத்தருங்கூட மெழுகுதிரி ஏற்ற அங்கு வருவர். 2019 ஏப்ரல் 21இல், உயிர்த்த ஞாயிறு வழிபாட்டின்போது வெடித்த குண்டினால் அங்கே பலர் மாண்டனர். இரண்டு மாதங்கள் நிறையுமுன்னரே ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டது. அப்பால், மேட்டு நிலத்திலே, 1757இல் அர்ப்பணிக்கப்பட்ட ஒல்லாந்தரின் வுல்வெண்டால் தேவாலயம் தடித்த சுவர்களோடு நிற்கின்றது.

நண்பகல் வெயிலுக்கு ஒதுங்க ஏற்ற இடம் தேசிய நூதனசாலை. தேசாதிபதி சேர் வில்லியம் கிரெகரியின் முயற்சியால் 1877இல் திறக்கப்பட்ட வெண்ணிற மாளிகை அது. கண்டி மன்னரின் சிம்மாசனத்தைச் சுற்றி எப்பொழுதும் கூட்டம் நிற்கும். 1815இல் கண்டி வீழ்ந்தபின் இங்கிலாந்துக்குச் சென்று, 1934இல் மீண்டுவந்த ஆசனம் அது; கூட்டம் நிற்பதில் வியப்பில்லை. ஆயின், அதே நூதனசாலையில் ஒரு கற்பலகை உண்டு. அதனருகே நிற்பவர் அரியர்.

அக்கல் சீன தேசத்திலே 1409இல் பொறிக்கப்பட்டது. கடற்படைத் தலைவர் செங் ஹோ மரக்கலத்தில் ஏற்றிக் காலிக்குக் கொணர்ந்தார். அதில் மூன்று மொழிகள் உள்ளன. சீன மொழிப் பகுதி புத்தர் பெருமானுக்கும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கும், தமிழ்ப் பகுதி தெய்வேந்திரமுனையிலே கோவில்கொண்டிருந்த தென்னாவரை நாயனாருக்கும் காணிக்கை செலுத்துகின்றன. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என மூவர்க்கும் பெரும்பாலும் ஒரேயளவான காணிக்கைகள்! அக்கோவிலைப் போர்த்துக்கேயர் 1588இல் இடித்தனர். கல்லோ, காலியிலே ஒரு மதகின் மூடியாய்க் கவிழ்ந்து கிடந்து, 1911இல் வெளிப்பட்டது. மேலும் கீழும் வண்டிகள் ஓடிய அத்தனை காலமும் எழுத்துக்கள் மண்ணைப் பார்த்தபடி இருந்தன. பாரசீகம் பெரிதும் தேய்ந்துவிட்டது. இந்துமாகடலின் வாணிகத்திலே தமிழுக்கிருந்த இடத்தைச் சீனப் பேரரசரின் சபையும் அறிந்திருந்தது என்பதற்கு இதனினும் கண்கூடான சான்று வேண்டுமோ? பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், சிம்மாசனத்தின் முன் நிற்கும் நேரத்திற் பாதியையேனும் இக்கல்லின் முன் செலவிடலாம். பிள்ளைகளுக்குக் கால் வலித்தாலும் பாதகமில்லை.

மாலையில் காலிமுகத்திடலுக்குச் செல்வதைத் தடுப்பாரில்லை. அங்கும் ஒரு கல் உண்டு. 1859இல் அந்நடைபாதையை முடித்த தேசாதிபதி சேர் ஹென்றி வோட், கொழும்பின் பெண்கள், குழந்தைகள் நலங்கருதி அதனைப் பேணுமாறு தமக்குப் பின்வருவோரைக் கேட்டுக்கொண்ட கல் அது. அதைப் பார்த்துவிட்டு, இறால் வடையைச் சூடு ஆறுமுன் வாங்கிக்கொண்டு, பட்டம் விடும் பிள்ளைகளுக்கு நடுவே அமரலாம். இரவு வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கும்.