முட்டை சொல்லும் விதைக் கணக்கு
(பண்ணை ஒலிபரப்பில் ஆற்றிய உரை)



நாற்றங்கால் விடுகிற நேரம் நெருங்குகிறது. விதை மூட்டையை இறக்கி வைத்திருப்பீர்கள். ஆனால் இன்றைக்கு நான் பேச வந்தது உங்களிடம் மட்டும் இல்லை. வீட்டில் அஞ்சாவது, ஆறாவது படிக்கிற பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். முதல் வேலை அவர்களுக்குத்தான்.

வேண்டிய சாமான் எல்லாம் அடுப்படியிலேயே இருக்கிறது. உயரமான கண்ணாடி டம்ளர் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டியாகக் காய்ச்சி ஆற வைத்த வெல்லப் பாகை அடியில் இரண்டு விரல் உயரம் ஊற்றுங்கள். அதன்மேல் தண்ணீரை, டம்ளரின் ஓரத்தில் வழிகிற மாதிரி மெதுவாக விடுங்கள். அவசரப்பட்டால் இரண்டும் கலந்துவிடும். கடைசியாகக் கொஞ்சம் கடலை எண்ணெய். பாகு அடியில், தண்ணீர் நடுவில், எண்ணெய் மேலே என்று மூன்று அடுக்காக நிற்கும்.

இப்போது பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள். "எண்ணெய் கெட்டியாகத்தானே இருக்கு, அது ஏன் தண்ணிக்கு மேலே நிக்குது?" பெரியவர்களே இதில் தடுமாறுவார்கள். கொழகொழவென்று இருப்பது வேறு, கனம் வேறு. கடையில் வாங்குகிற எண்ணெய்ப் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். 1 லிட்டர் என்றும், அதன் பக்கத்திலேயே 910 கிராம் என்றும் போட்டிருப்பார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் 1 கிலோ. ஒரு லிட்டர் தேன் ஏறக்குறைய 1 கிலோ 400 கிராம். அளக்கிற படி ஒன்றுதான், நிறைதான் வேறு. ஒரு படி அரிசியும் ஒரு படி தவிடும் ஒரே எடை வருமா? வராது இல்லையா? இதைத்தான் பள்ளிக்கூடப் புத்தகத்தில் அடர்த்தி என்கிறார்கள். அடர்த்தி கூடினது கீழே போகும், குறைந்தது மேலே வரும். அந்த டம்ளரைக் கரண்டியால் ஒரு கலக்குக் கலக்கிப் பாருங்கள். பாகு தண்ணீரோடு கரைந்துவிடும். எண்ணெய் மட்டும் கொஞ்ச நேரத்தில் பிரிந்து மறுபடியும் மேலே வந்துவிடும்.

அடுத்தது முட்டை. ஒரு பாத்திரத்தில் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றிப் புது முட்டை ஒன்றைப் போடுங்கள். நேரே அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். முட்டையை எடுத்துவிட்டு, ஒரு கரண்டி உப்பைப் போட்டுக் கரைத்து, திரும்ப முட்டையை விடுங்கள். அப்போதும் மூழ்கும். இப்படிக் கரண்டி கரண்டியாகப் போட்டுக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் முட்டை அடியை விட்டு எழும்பும். இன்னும் போட்டால் தலையை வெளியே நீட்டும். எங்கள் வீட்டுப் பேத்தி, "தாத்தா, முட்டைக்கு நீச்சல் தெரிஞ்சு போச்சு" என்றாள். முட்டை மாறவில்லை, தண்ணீர்தான் மாறியது. 10 லிட்டர் தண்ணீரில் ஒன்றரை கிலோ உப்பைக் கரைத்தால் எடை பதினொன்றரை கிலோ ஆகிறது. ஆனால் தண்ணீரின் அளவு பத்தரை லிட்டருக்குப் பக்கத்தில்தான் வரும். கனம் கூடுகிறது, இடம் அவ்வளவாகக் கூடவில்லை. அதனால்தான் முட்டையைத் தூக்கி நிறுத்துகிறது.

பிள்ளைகள் ரொம்ப ஆசைப்பட்டால் ஒரு வேடிக்கையும் காட்டலாம். பெரிய கண்ணாடி டம்ளரில் பாதி வரைக்கும் இந்த உப்புத் தண்ணீரை ஊற்றி முட்டையை விட்டுவிட்டு, மேலே நல்ல தண்ணீரை ஒரு கரண்டியின் முதுகில் சொட்டுச் சொட்டாக விட்டு நிரப்புங்கள். முட்டை மேலேயும் வராமல், அடிக்கும் போகாமல் நட்டநடுவில் நிற்கும்.

சரி, இதற்கும் நாற்றங்காலுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது.

பதர் எது, மணி எது என்று தூற்றும்போதே தெரிந்துவிடும். சிக்கல், அரைகுறையாகப் பால் பிடித்த நெல்லில்தான். கண்ணுக்கு அது நல்ல நெல் மாதிரியே இருக்கும். வெறும் தண்ணீரில் போட்டால் மூழ்கவும் மூழ்கும். முளைக்கவும் செய்யும். ஆனால் அந்த முளைக்குத் தின்ன உள்ளே போதுமான மாவு கிடையாது. நாற்று நூல் மாதிரி வரும். பக்கத்து நாற்று ஒரு சாண் இருக்கையில் இது பாதிதான் இருக்கும்.

அந்த நெல்லைப் பிரிக்க உப்புக் கரைசல் வேண்டும். 10 லிட்டர் தண்ணீருக்கு ஒன்றரை கிலோ சமையல் உப்பு. அளவு சரிதானா என்று சொல்வது முட்டை. முட்டை மிதந்து, அதன் தலை நாலணா அளவுக்கு வெளியே தெரிந்தால் சரி. நாலணாக் காசு 2011-லேயே செல்லாமல் போய்விட்டது. இப்போதைய பிள்ளைகளுக்கு, ஒரு ரூபாயைவிடக் கொஞ்சம் சின்ன வட்டம் என்று சொல்லுங்கள்.

முட்டையை எடுத்துவிட்டு, விதையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். போட்டதும் கையை விட்டு நன்றாகக் கலக்க வேண்டும். உமியில் ஒட்டியிருக்கிற காற்றுக் குமிழி நல்ல மணியையும் மிதக்க வைத்துவிடும். மிதக்கிறதை அரித்து எடுத்துவிட்டு, அடியில் தங்கினதை உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றி, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தரம் அலசுங்கள். உப்பிலேயே போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடாதீர்கள். உப்பு உள்ளே இறங்கினால் முளைப்பு கெட்டுப்போகும். சூடோமோனாஸ் போன்ற உயிர் மருந்து கலப்பவர்களும் உப்புப் போக அலசின பிறகுதான் கலக்க வேண்டும். மீசை நெல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் நல்ல மணியும் கொஞ்சம் மிதக்கும், பயப்பட வேண்டாம்.

இனி என் கதை. நாற்பது வருஷத்துக்கு முந்தி, தனியாக வெள்ளாமை பார்க்க ஆரம்பித்த புதிது. உப்புக் கரைசல் வைத்தேன், முட்டையும் விட்டேன். பாதி உப்பு போடுவதற்குள்ளேயே முட்டை அழகாக மிதந்தது. "உப்பு மிச்சம்டா" என்று சந்தோஷப்பட்டேன். நெல்லில் மிதந்ததும் கொஞ்சம்தான். என் விதை அவ்வளவு சுத்தம் என்று பெருமை வேறு. பதினைந்தாம் நாள் நாற்றங்காலைப் பார்த்தால் எலி கடித்த பாய் மாதிரி திட்டுத் திட்டாக நிற்கிறது. கடைசியில் பக்கத்து வயல்காரரிடம் நாற்று கடன் வாங்கித்தான் நட்டேன்.

தப்பு முட்டையில். அது அடுப்படிக் கூடையில் ரொம்ப நாளாகக் கிடந்த முட்டை. ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. நாளாக நாளாக அந்த வழியே உள்ளிருக்கும் ஈரம் போய், காற்று வந்து சேரும். முட்டையின் அளவு அப்படியே இருக்க, கனம் குறைந்துவிடும். அதனால் பழைய முட்டை லேசான உப்பிலேயே மிதக்கும். கரைசல் கனக்காததால் அரைகுறை நெல்லெல்லாம் நல்ல நெல்லோடு சேர்ந்து அடியில் தங்கிவிட்டது. முட்டை பொய் சொல்லியது, நான் நம்பினேன்.

ஆகையால் முதலில் முட்டைக்கே பரீட்சை வையுங்கள். இதையும் பிள்ளைகளிடம் விடலாம். வெறும் தண்ணீரில் போட்டால் புது முட்டை படுத்துக்கொள்ளும். நாள்பட்டது பருத்த பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும். மிதந்தால் அது சாப்பிடவும் வேண்டாம், விதைக்கும் வேண்டாம். இட்டு இரண்டு மூன்று நாளான முட்டைதான் இந்த வேலைக்கு ஏற்றது. நடுவில் கரைசலுக்குத் தண்ணீர் ஊற்ற நேர்ந்தால் மறுபடியும் முட்டையை விட்டுப் பாருங்கள்.

இந்த உப்பு முறை நம்மிடம் மட்டும் உள்ளது இல்லை. ஜப்பானில் யோகோய் டோகியோஷி என்ற வேளாண் அறிஞர் 1882-ல் இதை வகுத்துச் சொன்னார். பால் சங்கத்தில் பாலுக்குள் ஒரு கண்ணாடிக் குழாயை விட்டுப் பார்க்கிறார்களே, அதுவும் இதே கணக்குதான். நல்ல பால் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம். தண்ணீர் கலந்தால் குழாய் கூடுதலாக அமிழும். ஆடையை எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் அந்தக் குழாயையும் ஏமாற்றலாம். அதனால்தான் கொழுப்பையும் தனியாகப் பார்க்கிறார்கள். அதை இன்னொரு நாள் பேசலாம்.

குறுகிய கால ரகத்துக்கு ஏக்கருக்கு 24 கிலோ விதை என்றால், நாலைந்து ஈடாகப் போட்டு எடுத்துவிடலாம். ஒரு காலை வேலை. மிதந்த நெல்லை உப்புப் போகக் கழுவிக் கோழிக்குப் போடலாம். ஆனால் மருந்து கலந்து வந்த விதையாக இருந்தால் கோழிக்கும் மாட்டுக்கும் காட்டவே கூடாது, குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். மீந்த உப்புத் தண்ணீரை நாற்றங்கால் பக்கமோ தென்னை மூட்டிலோ கொட்டாதீர்கள். புல் பூண்டு முளைக்க வேண்டாம் என்று நினைக்கிற இடத்தில் ஊற்றுங்கள். முட்டையை மட்டும் நன்றாகக் கழுவி, அவித்து, கூட இருந்து வேலை பார்த்த பிள்ளைக்கே கொடுத்துவிடுங்கள்.