பாட்டியின் காதுக்கும் எட்டவேண்டும்



சைனாடவுனில் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோவிலைத் தாண்டிச் சற்று நடந்தால், சதுரங்கம் ஆடியபடி பேசிக்கொண்டிருக்கும் முதியவர்களைப் பார்க்கலாம். மாண்டரினோடு கான்டனீஸும் ஹொக்கியனும் அங்கே காதில் விழும். தேர்தல் வந்தால் அவர்களும் வாக்களித்தாக வேண்டும். சிங்கப்பூரில் அது சட்டப்படியான கடமை. ஆனால், யாருக்கு, எதற்காக வாக்களிக்கிறோம் என்பது அவர்களுக்கு எந்த மொழியில் புரிகிறது?

1948ல் இங்கு நடந்த முதல் தேர்தலில் பிரிட்டிஷ் பிரஜைகள் மட்டுமே வாக்களித்தார்கள். 1957ல் வந்த குடியுரிமைச் சட்டம், சீனாவிலும் இந்தியாவிலும் பிறந்து பல்லாண்டுகள் இங்கு வாழ்ந்தவர்களுக்குக் கதவைத் திறந்தது. 1959ல் வாக்களிப்பது கட்டாயமானது. கூலித் தொழிலாளியும் தெருவோர வியாபாரியும் வாக்காளர் ஆனார்கள். அவர்களுடைய பேச்சு தெரியாமல் யாரும் வெல்ல முடியாது என்ற நிலை வந்தது. 1961 ஹொங் லிம் இடைத்தேர்தலுக்காகத்தான் பிரதமர் லீ குவான் யூ ஹொக்கியன் கற்கத் தொடங்கினார். அவருடைய பிழைகளைக் கேட்டுச் சிறுவர்கள் சிரித்தார்கள். அவர் பின்வாங்கவில்லை.

1979ல் மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கியது. ஒலிபரப்பிலிருந்து சீன வட்டார மொழிகள் படிப்படியாக விலகின. இன்று கட்சிகளின் தேர்தல் ஒலிபரப்பு நான்கு அதிகாரத்துவ மொழிகளில் வருகிறது. அவற்றில் தமிழும் ஒன்று. மக்கள்தொகையில் இந்தியர்கள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இருந்தும் நாடாளுமன்ற வேட்பாளராகத் தமிழறிவு ஒன்றே மொழித் தகுதியாகப் போதும் என்கிறது அரசமைப்புச் சட்டம். சிறிய சமூகம் என்று ஒதுக்கப்படாததன் அருமை தமிழருக்குத் தெரியும். ஆகவே, கான்டனீஸ் மட்டும் பேசும் பாட்டியைப் பற்றியும், லிட்டில் இந்தியாவில் மலையாளமோ தெலுங்கோ மட்டும் பேசும் பாட்டியைப் பற்றியும் முதலில் கவலைப்பட வேண்டியவர்கள் தமிழர்களே.

வாக்குச்சீட்டில் சின்னமும் படமும் இருக்கின்றன. எழுத்தறியாதவருக்கு அது உதவிதான். ஆனால், சின்னம் யாருடையது என்று சொல்லுமே தவிர, அவர் என்ன செய்வார் என்று சொல்லாது. அதை யாராவது சொல்லித்தான் கேட்கவேண்டும். மகன் சொன்ன சின்னத்தில் தாய் முத்திரையிட்டால், அந்த வாக்கு யாருடையது?

அமெரிக்காவில் 1975 முதல், குறிப்பிட்ட அளவுக்கு மேல் சிறுபான்மை மொழி பேசுவோர் வாழும் வட்டாரங்களில் அவர்கள் மொழியில் தேர்தல் உதவி தரவேண்டும் என்பது சட்டம். நவஹோ போன்ற, வழிவழியாக எழுத்தில் இல்லாத பழங்குடி மொழிகளுக்கு வாய்மொழி உதவியே போதும் என்கிறது அது. எழுத்துக்கு மட்டுமல்ல, காதுக்கும் உரிமை உண்டு என்பதே அதன் பொருள்.

சிங்கப்பூருக்கும் இது புதிதல்ல. 2014ல் முன்னோடித் தலைமுறைத் தொகுப்புத் திட்டம் வந்தபோது, வட்டார மொழிகளில் விளம்பரம் செய்து முதியோருக்கு விளக்கியது அரசாங்கம். மருத்துவச் சலுகையை அவர்கள் பேச்சில் சொல்ல முடிந்தால், வாக்கின் விவரத்தையும் சொல்லலாம். கட்சிகளின் ஒலிபரப்புக்கு வட்டார மொழிகளில் சுருக்கமான ஒலிப்பதிவு, சமூக மன்றங்களில் நடுநிலையான தொண்டூழியர்கள் எனத் தொடங்கலாம்.

அந்த முதியவர்களின் தலைமுறை மறைந்துகொண்டிருக்கிறது. காத்திருந்தால் பிரச்சினை தானே தீர்ந்துவிடும் என்பது பதிலாகாது. அடுத்த தேர்தலில் அவர்கள் கையில் இருக்கப்போவது, மற்ற எல்லோருக்கும் இருப்பதுபோல, ஒரு முழு வாக்கு.