வேட்டைக்காரன் வெட்டிய குழி

விக்கிரவாண்டிப் பெருமக்களே!

சென்னையிலிருந்து தெற்கே போகிறவர் யாரானாலும் உங்க ஊர் டோல்கேட்டிலே நின்னு பணம் கட்டிட்டுத்தான் போகணும். (சிரிப்பு) கடைசிப் பயணத்துக்குக் கட்டணம் கிடையாது. ஆனா வழி கிடைக்குதா?

எதிரணி நண்பர் சொன்னார்: "வேட்டையாடித் திரிஞ்சவனுக்கு ஏதய்யா நாகரிகம்? செத்தவனைப் போட்டுட்டு அடுத்த மானைத் தேடிப் போயிருப்பான்." நீங்களும் கை தட்டினீங்க. போகட்டும்.

உத்தரப்பிரதேசத்தில் பிரதாப்கர் மாவட்டம். சராய் நாகர் ராய், மகதகா, தம்தமா என்று மூன்று இடங்கள். 1970களிலும் 80களிலும் அலகாபாத் பல்கலைக்கழகத்தார் தோண்டினார்கள். ஏர் பிடிக்காத, மானையும் மீனையும் நம்பி வாழ்ந்த மக்கள். வயது பத்தாயிரம் ஆண்டு என்பார் உண்டு, குறைத்துச் சொல்வாரும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் வள்ளுவருக்குப் பல ஆயிரம் ஆண்டு மூத்தவங்க.

தம்தமாவில் மட்டும் 41 குழிகள். சிலவற்றில் இரண்டு பேர், ஒன்றிலே மூன்று பேர். மகதகாவில் எலும்பிலே செய்த காதணியோடும் மாலையோடும் படுத்திருக்கிறார்கள். சராய் நாகர் ராயில் தலையை மேற்கே வைத்து, மல்லாக்கக் கிடத்தியிருக்கிறார்கள். கிடத்துவதற்கு முன்னாலே குழிக்குள்ளே மெத்தை மாதிரி பொலபொலவென்று மண்ணைத் தூவியிருக்கிறார்கள். செத்தவனுக்கு முதுகு வலிக்குமா? வலிக்காது. அது அவனுக்கும் தெரியும். இருந்தாலும் தூவினானே! (கைதட்டல்)

அங்கேயே ஒருத்தர் விலா எலும்பிலே கல் அம்புமுனை குத்தியிருக்கு. கொலையும் இருந்தது, மறைக்கலே. ஆனா அம்பு பட்டவனையும் அதே இடத்திலேதான் புதைச்சாங்க.

அந்த இடம் எது? ஊருக்கு வெளியே அல்ல. அடுப்பெரிந்த இடம், குடியிருந்த இடம். நம்ம செஞ்சிப் பக்கம் உடையார்நத்தத்திலே ஆள் உருவமாய் நிற்கிற கல்லும் செத்தவங்களுக்கு நட்டதுதான்; அது பிந்திய இரும்புக்காலம்.

இன்றைய மனிதனுக்கு வருகிறேன். 2019 ஆகஸ்ட், வாணியம்பாடி அருகே நாராயணபுரம். சுடுகாட்டுக்குப் போற வழியிலே நிலக்காரங்க விடலே. தாழ்த்தப்பட்ட ஒருவரின் உடலைப் பாடையோடு கயிறு கட்டி, பாலாற்றுப் பாலத்துமேலே இருந்து கீழே இறக்கினாங்க. நாடே பார்த்தது.

நடுவர் அவர்களே, எனக்கு மணி அடிச்சிட்டீங்க, உட்கார்ந்துடறேன். அடுத்து வர்ற எதிரணி நண்பர் அந்த மண் மெத்தையைப் பத்திப் பேச வேண்டாம். இந்தக் கயிற்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும்!